சைக்கிள் என்னுடையது, பெயர் அவளுடையது

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள், சார். தாராளமாக உட்காருங்கள். ஒரே ஒரு நிபந்தனை. பாம்பன் பாலம் வரும்போது மட்டும் எனக்கு இடம் மாற்றித் தர வேண்டும். பாலம் தாண்டியதும் ஜன்னல் மறுபடி உங்களுக்கே. கடல் பார்ப்பதற்காகக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். கடலை நான் நிறையப் பார்த்தாயிற்று. பாலத்தில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

காலடியில் இருக்கிற பையை மிதித்துவிடாதீர்கள். என் மனைவியின் பை. மாற்று உடுப்பு, முட்டிக்குத் தடவுகிற தைலம், ஒரு சைக்கிள் ட்யூப், அப்புறம் ஒரு சின்ன டப்பாவில் சந்தனம். சைக்கிள் பயணத்தில் சந்தனம் எதற்கு என்று நானும்தான் கேட்டேன். "கொண்டு வாங்க, வேணும்" என்றாள். பக்தி, சார். ஒன்றும் செய்ய முடியாது.

மடியில் இருக்கிற ஹெல்மெட் என்னுடையது. பஸ்ஸில் எதற்கு ஹெல்மெட் என்று கண்டக்டரும் கேட்டார். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "டிரைவர் அவ்வளவு மோசமா ஓட்ட மாட்டாரு சார்" என்றார். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் முதுகைப் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது? கேப்டன். மதுரை வைகை சைக்கிள் குழுவின் கேப்டன் தாண்டவமூர்த்தி நான்தான். குழுவை ஆரம்பித்தவன் நான், பெயர் வைத்தவன் நான், விதிகள் எழுதியவன் நான். அரசாங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கண்காணிப்பது எனக்கு ரத்தத்தில் ஊறியது.

என் குழு நேற்று மதுரையிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. ராத்திரி ராமநாதபுரத்தில் தங்கி, இன்று காலை மறுபடி கிளம்பியிருக்கிறார்கள். இந்த வருஷத்தின் பெரிய பயணம். கேப்டன் ஏன் பஸ்ஸில் வருகிறான் என்று நீங்கள் கேட்கவில்லை. நல்ல மனிதர் நீங்கள். நானே சொல்கிறேன்.

எல்லாம் ஆயுத பூஜையில் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் அன்றைக்கு இரும்பெல்லாம் குளிக்கும். அரிவாள்மனை, தையல் மிஷின், ஸ்கூட்டர், கடைசியில் என் சைக்கிள். சாதாரண சைக்கிள் இல்லை, சார். தொலைதூரப் பயணத்துக்கென்றே செய்தது. முன்னும் பின்னும் பை மாட்டலாம். என் உயரத்துக்கு ஏற்ற பிரேம். நான் ஆறடி, உட்கார்ந்திருப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை. என் மனைவி தமயந்தி அதைத் துடைத்து, ஊர்ப்பட்ட இடத்தில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தாள். மறுநாள் காலையில் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. பிரேம்ல விரிசல் விட்டிருக்கு."

போய்ப் பார்த்தேன். சீட் கம்பி இறங்குகிற குழாயில், பெடலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு பொட்டு. அந்தப் பொட்டின் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு.

"சந்தனம் காஞ்சா வெடிக்கும்" என்றேன். "இது தெரியாதா உனக்கு?"

"மத்த பொட்டு ஒண்ணுமே வெடிக்கலையே."

"அது வேற குழாய்."

இதற்கு அவள் என்ன செய்தாள் தெரியுமா? அந்தப் பொட்டை வழித்துவிட்டு, அதே இடத்தில் புதிதாக வைத்தாள். "தெருமுனை வரைக்கும் ஒரு தடவை ஓட்டிட்டு வாங்க" என்றாள். ஓட்டிவிட்டு வந்தேன். அதே இடத்தில் அதே கோடு. மட்டமான சந்தனம், கடையை மாற்று என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் ஏறி மிதித்தால் சைக்கிள் முனக ஆரம்பித்தது. சீட்டைக் கழற்றி மாட்டினேன். பெடலை மாற்றினேன். எண்ணெய் விட்டேன். முனகல் நிற்கவில்லை. அவள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே சொல்கிறாள்: "என் பழைய வண்டியும் இப்படித்தாங்க முனகுச்சு. ஒருநா கண்மாய்க் கரையில ரெண்டாப் போச்சு."

அவளுடைய பழைய வண்டி என்றால் பயணம் போகிற வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். தமயந்தி கிராமச் செவிலியராக இருந்தாள். திருப்புவனம் பக்கத்துக் கிராமங்கள். கேரியரில் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு லேடீஸ் சைக்கிளில் தினமும் ஊர் ஊராகப் போய்வருவாள். ஓய்வு பெறும்வரைக்கும் அதுதான். மழையோ வெயிலோ, வரப்போ மணலோ, அவளுக்கு ஒன்றுதான். அதையெல்லாம் சைக்கிள் ஓட்டுவது என்று சொல்ல முடியாது, சார். அது வேலை. சேலை கட்டிக்கொண்டு, ஹெல்மெட் இல்லாமல், கையுறை இல்லாமல் போவதற்குப் பெயர் சைக்கிள் ஓட்டமா? வேகம் என்ன, தூரம் என்ன என்று கேட்டால் அவளுக்குச் சொல்லக்கூடத் தெரியாது. "சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவேன்" என்பாள். அவ்வளவுதான் அவள் கணக்கு.

அந்தக் கோடு கண்ணில் படாமல் இருந்தால் அவளும் பேசாமல் இருப்பாள் என்று, அதன்மேல் எங்கள் குழுவின் ஸ்டிக்கரை ஒட்டினேன். "பாதுகாப்பே முதற்படி" என்று போட்ட ஸ்டிக்கர். வாசகம் நான் எழுதியதுதான்.

ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அழகர்கோவில் ரோட்டில் வரிசையாகப் போகிறோம். நான் இரண்டாவது ஆள். கேப்டன் ஏன் முதலில் போகவில்லை என்று கேட்பீர்கள். முதலில் போகிறவன் காற்றை முழுக்க நெஞ்சில் வாங்குவான், சார். பின்னால் வருகிறவனுக்கு அவன் முதுகு சுவர் மாதிரி. கேப்டன் களைத்துப் போகக் கூடாது, அவன் யோசிக்க வேண்டியவன். அதனால் இரண்டாவது இடம்தான் கேப்டனுக்கு. மூன்றாவது விதி. அன்றைக்கு, புறப்படும் முன் சைக்கிளை எப்படிப் பரிசோதிக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டு வருகிறேன். டிக் என்று ஒரு சத்தம். அப்படியே கீழே இறங்குகிறேன். விழவில்லை, சார். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒட்டகம் உட்காருகிற மாதிரி மெதுவாக, மரியாதையாக ரோட்டில் உட்கார்ந்தேன்.

பின்னால் வந்தவர் பல் டாக்டர் இன்னாசி. இறங்கி வந்து, குனிந்து, பல்லைப் பார்க்கிற மாதிரி பிரேமைப் பார்த்தார். குழாய் அறுந்திருந்தது. ஸ்டிக்கர் நடுவே கிழிந்து, "பாதுகாப்பே" ஒரு பக்கம், "முதற்படி" ஒரு பக்கம்.

"கேப்டன் சார், ஸ்டிக்கர் போச்சு" என்றார்.

அந்த ஆளுக்கு என்மேல் பழைய காய்ச்சல். அதைப் பிறகு சொல்கிறேன்.

தேங்காய் ஏற்றிவந்த குட்டியானை வண்டியில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். தமயந்தி வாசலுக்கு வந்தாள். சைக்கிளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அடி படலையே?" என்றாள். இல்லை என்றேன். "காபி போடவா?" என்றாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை, "நான் அன்னைக்கே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்லவில்லை. அதுதான், சார், பெண்களின் அகங்காரம். சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

பிரேம் ஏன் உடைந்தது என்று ஆராய்ந்தேன். பயணத்தில் என் பைகளில் ஸ்டவ் இருக்கும், பாத்திரம் இருக்கும், கேப்டன் உட்கார மடக்கு நாற்காலி இருக்கும். இதெல்லாம் அத்தியாவசியம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு டப்பா முறுக்கு வைத்துவிடுவாள். முறுக்குதான் காரணம் என்று கண்டுபிடித்துச் சொன்னேன். "அப்ப சரி, இனிமே முறுக்கு வேண்டாம்" என்றாள். நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒப்புக்கொண்டாள் என்றுதானே அர்த்தம்?

சைக்கிள் கம்பெனியில் பிரேமுக்கு ஆயுள் உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள். வாங்கியவர் ஆயுள்வரை, பற்ற வைத்த இடத்தில் விரிசல் விட்டால் வேறு பிரேம் தருவார்கள். இங்கேதான் ஒரு சின்ன விஷயம். சைக்கிளை வாங்கியது தமயந்தி பெயரில்.

நீங்கள் கல்யாணம் ஆனவர்தானே? உங்கள் வீடு யார் பெயரில் இருக்கிறது? பார்த்தீர்களா! எல்லார் வீட்டிலும் அப்படித்தான். என் வீடு அவள் பெயரில், ஸ்கூட்டர் அவள் பெயரில், கேஸ் இணைப்பு அவள் பெயரில். பெண் பெயரில் வாங்கினால் ராசி. சலுகையும் உண்டு. நான் சைக்கிள் வாங்கப் போன அன்று மகளிர் தினம். பெண்கள் வாங்கினால் தள்ளுபடி. அவளை ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் கூட்டிப்போய், கையெழுத்து மட்டும் போடச் சொன்னேன். கடைப் பெண் சாவியும் ரோஜாப்பூவும் அவள் கையில் கொடுத்து, கை தட்டினாள். தமயந்தி அந்தச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கவா?" என்று கேட்டாள். "உனக்குக் கால் எட்டாது" என்றேன். ரோஜாப்பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள். விஷயம் அத்தோடு முடிந்தது. பெயர் அவளுடையது, பொருள் என்னுடையது. எந்தக் குடும்பத்திலும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனிக்காரன் இதைப் புரிந்துகொள்ளவில்லை. போனில், "ஓனர் மேடம்கிட்டதான் பேசணும் சார்" என்கிறான். "நான் அவங்க ஹஸ்பண்ட்" என்றேன். "சந்தோஷம் சார், மேடம்கிட்ட குடுங்க" என்றான். சரி என்று ஸ்பீக்கரில் போட்டு, அவளைப் பேச வைத்து, எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு பதிலுக்கும் கையால் சைகை காட்டினேன்.

"மேடம், வண்டியில என்ன லோடு வைப்பீங்க?"

நான் கையைச் சின்னதாகக் காட்டினேன். "கீரைக்கட்டுங்க" என்றாள். சபாஷ்.

"பள்ளத்துல, மேட்டுல ஏத்தி இறக்குவீங்களா?"

இல்லையென்று தலையை ஆட்டினேன். "நான் ஏத்துனதே இல்லீங்க" என்றாள். பொய்யும் இல்லை, பாருங்கள். என் பயிற்சி.

அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் குக்கர் கத்தியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "பருப்பு குழைஞ்சிரும், கொஞ்சம் அணைச்சிட்டு வந்துருங்களேன்" என்றாள். நானும் எழுந்து போனேன். அணைத்துவிட்டு வந்தால் பேச்சு முடிந்துவிட்டது. "என்ன கேட்டான்?" என்றேன். "அந்த மாடல் இப்ப வர்றதில்லையாம். அதுக்குச் சமமா புது மாடல் தர்றாங்களாம். அளவு பாக்கணும், உயரம் என்னன்னாங்க, சொன்னேன்" என்றாள்.

யார் உயரத்தை என்று நான் கேட்கவில்லை, சார். கேட்கத் தோன்றுமா யாருக்காவது?

கார்த்திகையில் பெரிய அட்டைப் பெட்டி வந்தது. உள்ளே புதுப் பிரேம், நீல நிறம். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளை ஓட்டுகிற அளவு! தமயந்தி ஐந்தடி. அவன் உயரம் கேட்டிருக்கிறான், இவள் தன் உயரத்தைச் சொல்லியிருக்கிறாள். வெகுளி, சார். மற்ற எல்லாக் கேள்விக்கும் என்னைப் பார்த்துப் பதில் சொன்னவள், நான் பக்கத்தில் இல்லாத அந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"ஏண்டி, ஓட்டுறது நானு. என் உயரத்தைச் சொல்ல வேண்டாமா?"

"ஓனர் உயரம்னுதாங்க கேட்டாங்க."

இப்படி ஒரு அப்பாவியோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

பழைய சக்கரம், செயின், கைப்பிடி எல்லாவற்றையும் புதுப் பிரேமில் மாட்டி வாங்கினேன். சீட்டை முடிந்தவரை உயர்த்தி ஏறிப் பார்த்தேன். முழங்கால் கைப்பிடியில் இடித்தது. எதிர்வீட்டுக் குழந்தை, "அம்மா, சர்க்கஸ் கரடி!" என்று கத்தியது. இறங்கிவிட்டேன். பெரிய அளவாக மாற்றித் தரச் சொல்லிக் கம்பெனிக்கு மறுபடி போன் போட்டேன். "மேடம்தான் சார் கேக்கணும்" என்றான். தமயந்தியிடம் சொன்னேன். "கேப்போம், பொங்கல் கழியட்டும்" என்றாள். உடைந்த பழைய பிரேமை மாடிக்குக் கொண்டுபோய்ப் பாகற்கொடிக்குப் பந்தலாகக் கட்டிவிட்டாள். நன்றாகத்தான் காய்க்கிறது. அது வேறு விஷயம்.

புதுச் சைக்கிளைச் சும்மா நிறுத்தினால் டயர் வீணாகிவிடும் என்று நான்தான் சொன்னேன். "மாத்துற வரைக்கும் ஞாயித்துக்கிழமை மட்டும் குழுவோட நீ ஓட்டு. நான் ஸ்கூட்டர்ல பக்கத்துல வந்து சொல்லித் தர்றேன்" என்றேன். என் யோசனைதான் அது, இல்லையென்று சொல்லமாட்டேன். உடனே ஒத்துக்கொண்டாள். சுடிதார் வேறு தயாராகத் தைத்து வைத்திருந்தாள். எப்போது தைத்தாள் என்று தெரியவில்லை.

மார்கழிப் பனியில் அவர்கள் மிதிக்க, நான் ஸ்கூட்டரில் ஃபிளாஸ்க்கோடு பின்னால். பழைய நர்ஸ் சைக்கிளின் பெல்லை எடுத்து இதில் மாட்டிக்கொண்டாள். டூரிங் சைக்கிளில் யாராவது பித்தளை பெல் மாட்டுவார்களா? எடைதானே? ஊருக்குள் ஊசி போட வருகிறாள் என்று தெரியட்டும் என்று அடிக்கிற பெல் அது. பிள்ளைகள் எல்லாம் ஓடி ஒளியுமாம். நான் ஸ்கூட்டரை அவள் பக்கத்தில் கொண்டுபோய், "முதுகை வளைக்காதே, கியரைக் குறை, மூச்சை இழு" என்று சொல்லுவேன். ட்ரிங் ட்ரிங் என்று அடிப்பாள். நான் ஒதுங்கிவிடுவேன். பாதுகாப்புக்காக அடிக்கிறாள். ஸ்கூட்டர் நெருக்கமாக வந்துவிடுகிறது, இல்லையா? சரியான பழக்கம்தான்.

கிளம்பும் முன் அந்த இடத்தில் ஒரு சந்தனப் பொட்டு. திரும்பி வந்ததும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம்தான் ஹெல்மெட்டைக் கழற்றுவாள். சொன்னேனே, பக்தி.

இப்போது இன்னாசி விவகாரம். எங்கள் நான்காவது விதி என்னவென்றால், பெரிய பயணத்துக்கு முந்தைய மாதம், ஒரு ஞாயிறு விடாமல், எந்தச் சைக்கிளில் வரப்போகிறாரோ அதே சைக்கிளில் ஓட்டியிருக்க வேண்டும். நடுவில் மாற்றினால் பயணம் கிடையாது. போன வருஷம் இன்னாசி கடைசி நேரத்தில் புதுச் சைக்கிள் வாங்கிவிட்டார். "விதி விதிதான் டாக்டர்" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டேன். பிள்ளைகளிடம் எல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தார். அழாத குறை. கேப்டன் என்றால் மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும், சார்.

இந்தப் பொங்கலுக்கு முன்னால் கூட்டம் போட்டோம். பட்டு ஜவுளிக் கடை ரங்காராமிடம் உயரமான சைக்கிள் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் வருகிறேன் என்றேன்.

இன்னாசி எழுந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். "விதி விதிதான் கேப்டன்" என்றார்.

"விதி உறுப்பினர்களுக்கு. நான் எழுதினவன்."

"எழுதினவருக்குத்தான சார் நல்லாத் தெரியும்?"

ரங்காராம் தலையைச் சொறிந்தார். "அண்ணே, நம்ம மதினி ஒரு ஞாயிறு விடலையே. அதே சைக்கிள். உங்க வீட்டுல நாலாவது விதிக்கு முழுசாப் பொருந்துறது அவங்கதான்."

நான் தமயந்தியைப் பார்த்தேன். பெண்ணாகப் பிறந்தவள், புருஷன் இல்லாமல் நான் மட்டும் எப்படிப் போவேன் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். எல்லாருக்கும் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் கையிலும் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு, "நீங்க போட்ட விதிய நீங்களே மீறுனா நல்லாவா இருக்கும்?" என்றாள். "சாமான் பையக் கொண்டுவரப் பொறுப்பான ஆள் ஒருத்தர் வேணும்லங்க."

கூட்டம் வெகுநேரம் நடந்தது. கடைசியில் என் கொள்கைதான் ஜெயித்தது. நானே எழுதிய விதிக்கு நானே தலைவணங்கினேன். எத்தனை கேப்டன் அப்படிச் செய்வான், சொல்லுங்கள்?

ஆனால் என்னை ஒரேயடியாகக் கழற்றிவிட முடியுமா? அவளிடம் தனியாகச் சொல்லிவைத்திருக்கிறேன். "தனுஷ்கோடி கடைசி ஒரு கிலோமீட்டர் நான் ஓட்டுவேன். முழங்கால் இடிச்சாப் பரவாயில்ல. கேப்டன் முன்னால போய் நின்னாத்தான் போட்டோ எடுபடும். நீ அங்க இறங்கிக் குடுத்துரு." அதற்குத்தான் இந்த ஹெல்மெட். ராமேஸ்வரத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, அவர்களுக்கு முன்னால் போய் ரோட்டோரம் நிற்கப் போகிறேன்.

அவள் என்ன சொன்னாளா? "பார்ப்போம்" என்றாள். தமயந்தி பார்ப்போம் என்றால் சரி என்று அர்த்தம், சார். கல்யாணமான புதிதில், வேலையை விட்டுவிடு என்றேன். பார்ப்போம் என்றாள். ஓய்வு பெறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள், அது வேறு. புது ஃபிரிட்ஜ் வேண்டாம் என்றேன். பார்ப்போம் என்றாள். மறுவாரம் ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது, அதுவும் வேறு. இந்த விஷயத்தில் அப்படிச் செய்யமாட்டாள். என் சைக்கிள், சார் இது.

நேற்று என் அட்டவணை என்ன ஆயிற்று தெரியுமா? எந்த ஊருக்கு எப்போது, எங்கே தண்ணீர், எங்கே இளைப்பாறுதல் என்று எல்லாம் குறித்துக் கொடுத்திருந்தேன். திருப்புவனத்திலேயே குட்டிச்சுவர். ரங்காராம் போன் பண்ணுகிறார். "அண்ணே, மதினியை விட மாட்டேங்குறாங்க. 'நர்ஸம்மா வந்திருக்காங்க'ன்னு ஊரே ரோட்டுக்கு வந்துருச்சு. மீசை வச்ச ஆள் ஒருத்தன், சட்டையத் தூக்கித் தோளக் காட்டி, 'இங்கதான்க்கா குத்துனீங்க, மூணு நாள் காய்ச்சல்'ங்கறான்!" அடுத்த ஊரில் மோர், அதற்கடுத்த ஊரில் இளநீர். பெல் சத்தம் கேட்டதும் கிழவிகள்கூட வீட்டைவிட்டு வருகிறார்களாம். "நிறுத்தாமல் வரச் சொல்லுங்கள்" என்றேன். "சொன்னேன், அண்ணே. பெல் அடிக்கிறாங்க" என்றார்.

இவ்வளவுக்கும் ராமநாதபுரத்துக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். எப்படி என்று தெரியவில்லை. என் அட்டவணையில் போதுமான அளவு ஓய்வு நேரம் வைத்திருந்தேன், அதனால்தான்.

எழுந்திருங்கள், சார், எழுந்திருங்கள்! பாலம் வந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இந்த ஹெல்மெட்டைப் பிடியுங்கள். காற்றைப் பார்த்தீர்களா? பஸ்ஸையே தள்ளுகிறது. தை மாசத்து வாடை. எதிர்க்காற்று, சார், நேர் எதிர்க்காற்று. இந்தக் காற்றில் அவர்கள் பாலம் ஏறியிருக்கவே முடியாது. ஏதாவது டீக்கடையில் ஒதுங்கியிருப்பார்கள். கேப்டன் இல்லாத குழு அப்படித்தான்...

அதோ! நீலம் தெரிகிறதா? வரிசையின் தலையில்? அவளேதான்.

என்ன செய்கிறாள் பாருங்கள், சார்! முதல் ஆளாகப் போகிறாள். காற்று முழுக்க அவள் நெஞ்சில். பின்னால் இன்னாசி சொகுசாகப் பதுங்கி வருகிறார். அவருக்குப் பின்னால் ரங்காராம். அத்தனை பேருக்கும் அவள் முதுகு சுவர். விவரமில்லாதவள். கேப்டனுக்கு இரண்டாவது இடம் என்று எத்தனை தடவை படித்துச் சொல்லியிருக்கிறேன்!

டிரைவர் சார், கொஞ்சம் மெதுவா! பக்கத்துல, பக்கத்துல...

தமயந்தி! ஏ தமயந்தி! இங்க பாரு! கடைசி ஒரு கிலோமீட்டர்! ஞாபகம் இருக்கா? கடைசி ஒரு கிலோமீட்டர் எனக்கு!

கேட்டீர்களா, சார்? ட்ரிங் ட்ரிங். பெல் அடித்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் அடித்தாள், அவ்வளவு கவனம் ரோட்டில். சம்மதம் என்று அர்த்தம்.

இதோ உள்ளே எடுத்துவிட்டேன் தலையை, கண்டக்டர் சார். கத்தாதீர்கள். யாரு, அந்தம்மாவா? என் சைக்கிள், சார் அது. பின்சீட்டில் என்ன சிரிப்பு? அவர்கள் எதற்குக் கை தட்டுகிறார்கள்? எனக்கா?

உட்காருங்கள், ஜன்னல் இனி உங்களுடையது. நீங்களும் சிரிக்கிறீர்கள். சந்தோஷமான காட்சிதான், எனக்கும் புரிகிறது.

ராமேஸ்வரத்தில் இறங்கினதும் ஆட்டோ கிடைக்கும் அல்லவா? இவள் மிதிக்கிற மிதிக்கு நான் அதிகம் தாமதிக்கக் கூடாது. ரோட்டோரம் நின்று கையை நீட்டுவேன். நிறுத்துவாள். நிறுத்தித்தானே ஆக வேண்டும்? சந்தனம் என்னிடம் அல்லவா இருக்கிறது. அது இல்லாமல் அவளுக்கு ஓடாது. முதலில் அதைத்தான் கேட்பாள். சீட் கம்பி இறங்குகிற அதே இடத்தில் ஒரு பொட்டு வைத்து, காய்கிறவரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்க்கட்டும். சாமி கும்பிடுகிறவளை நான் அவசரப்படுத்தமாட்டேன். அவள் நிமிர்ந்ததும் சைக்கிளை வாங்கிக்கொள்வேன்.

கொடுத்துவிடுவாள், சார். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பெயர்தான் அவளுடையது. சைக்கிள் என்னுடையதுதானே?